ஒன்பதாம் மாடியில் வைத்த மலை

இலங்கையில் சண்டை முடிந்த அந்த வருஷம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று மாதம் யாரும் சாப்பிடவில்லை. மேசை முழுக்க மலை கிடந்தது. சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம்.

மலையை இரண்டு பெரிய வரைபடத் தாள்களாகக் கொண்டுவந்து விரித்தவள் என் மகளின் மகள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பேத்தி கணக்கியல் படிக்கிறாள் என்று நான் ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபரோ டோர்செட் பார்க் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கோயிலில் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவள் வந்து, கணக்கியல் போதும், மலை வழிகாட்டியாகப் பயிலப்போகிறேன் என்றாள். ஆட்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், உயிரோடு திருப்பிக் கூட்டிவருகிற வேலையாம்.

"மேய்க்கிறதெண்டா வவுனியாவிலயே ஆடு மேய்ச்சிருக்கலாமே. இதுக்கோ பிளேன் ஏறி வந்தனாங்கள்?" என்றாள் என் மகள்.

"ஆடு சொன்னாக் கேக்கும் அம்மா. இது ஆக்கள். கஷ்டமான வேலை," என்றாள் பேத்தி.

அந்தப் பயிற்சிக்கு இடம் கிடைக்க ஒரு சோதனை இருந்தது. மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஏரிகள் நிறைந்த ஒரு மலைப்பக்கத்தில், ஐந்து நாள் பாதையைத் தானே திட்டமிட வேண்டும். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அதை நடந்து முடித்து, நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாம் ஓகஸ்ட் முடிவதற்குள். தவறினால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். இவள் சின்ன வயதில் ஐஸ்கிரீமுக்குக்கூட அடம்பிடித்ததில்லை. இதற்குப் பிடித்தாள்.

நான் மேசைக்கு வந்தது மலையில் ஆசைப்பட்டு அல்ல. எங்கள் பதின்மூன்றாம் மாடி வீட்டில் அந்த நாட்களில் சண்டைச் செய்தி ஓடும் தொலைக்காட்சி அணைவதில்லை. மருமகன் மிசிசாகாவில், விமான நிலையத்தில் வேலை முடித்து, சாப்பிடாமல் நேரே டவுன்டவுனுக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு றோட்டில் நின்று, தொண்டை கட்டி வருவார். மகள் ஒரு காதில் ஒரு போன், மறு காதில் இன்னொரு போன். எனக்குப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டில் தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி நின்ற கதிரை ஒன்றே ஒன்றுதான். அது மேசையடியில், பேத்திக்கு முன்னால் இருந்தது. அதில் போய் உட்கார்ந்தேன்.

"உந்தப் பிறவுண் கோடெல்லாம் என்ன பிள்ளை? தேத்தண்ணி ஊத்திப்போட்டியோ?"

"அது உயரம் அம்மம்மா. ஒரு கோட்டில நடந்தா ஏத்தமும் இல்லை, இறக்கமும் இல்லை. கோடு கிட்டக் கிட்ட இருந்தா செங்குத்து. விலகியிருந்தா ஆறுதலா நடக்கலாம்."

சேலைக் கொசுவம் மாதிரி என்று எனக்கு உடனே பிடிபட்டது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாத்தியார் என்னை விட்டாரா, நான் வாத்தியாரை விட்டேனா என்பது வேறு கதை. அந்தத் தாளில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு கிழமையில் எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எந்த இடத்தில் முழங்கால் கெஞ்சும் என்று சொல்லக்கூடியவளாகிவிட்டேன்.

தாள் முழுக்க நீலப் புள்ளிகள், மலைக்கு அம்மை போட்டதுபோல. பேத்தி ஏரிகள் என்றாள். நான் குளம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அதன் முகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தேன். நீளமாய்க் காம்போடு இருந்தது கத்தரிக்காய்க் குளம். நடுவில் பாறை துருத்தியது மாமியார் மூக்கு. ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிய மூன்றும் அக்கா தங்கச்சிகள்.

பாதையை நூல் வைத்து அளந்தோம். தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து, கோட்டின் வளைவெல்லாம் படிய வைத்து, பிறகு நிமிர்த்தி, தாளின் அடியில் போட்டிருந்த அளவோடு பிடித்துப் பார்ப்போம். பேத்தி கூட்டிக் கழித்து இத்தனை மணித்தியாலம் என்பாள். அதில் ஏற்றத்துக்குத் தனியாகச் சேர்ப்பாள். நூலை வைக்கிறது என் வேலை. விரல் நூலோடு போகும். விரலோடு நானும் போவேன்.

எப்படிச் சொல்வது? பின்னால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அருவிச் சத்தமாகிவிடும். காலடியில் சின்னச் சின்னக் கல் உருளும். நான் கண்டிராத மரங்களின் மணம் வரும். அவற்றுக்கு மேலே மரமே இல்லாத வெறும் பாறை, அதற்கும் மேலே வெளிச்சம். கத்தரிக்காய்க் குளத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு. உள்ளே மேகம் போகும். மகள் தேத்தண்ணியோடு வந்து தோளைத் தொட்டால், அத்தனை உயரத்திலிருந்து இறங்கி வந்து கோப்பையை வாங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"அம்மா நித்திரையோ?"

"இல்லை. இறங்கிறன்."

இரண்டாவது தாளில்தான் சிக்கல். கத்தரிக்காய்க் குளத்துக்குப் பிறகு வெளியே வர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குளத்துக்கு மேலே இரண்டு முடிகளுக்கு நடுவே இருந்த கணவாயைத் தாண்டுவது. மற்றது, அக்கா தங்கச்சிகளைச் சுற்றிக்கொண்டு நீள நடப்பது. கணவாய் கிட்ட. ஆனால் அதன் அந்தப் பக்கம் வடக்கே பார்த்தது, வெயில் படாது, கோடையிலும் பனி கிடக்கும் என்றாள் பேத்தி. இந்தப் பக்கத்துக் கோடுகள் அகலம், அழகாக இருக்கின்றன என்றேன் நான். மூன்று நாள் வாதாடினோம். நான் வென்றேன். அவள் கணவாய்க்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டாள். எந்த நேரத்தில் எந்த ஆற்றைக் கடப்பது, எங்கே கூடாரம் அடிப்பது என்று ஓரமெல்லாம் எறும்பு எழுத்தில் எழுதினாள்.

மே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. மருமகன் எழுந்துபோய் அதை அணைத்தார்.  மூன்று நாள் அடுப்பில் தேத்தண்ணி மட்டும் கொதித்தது.

நாலாம் நாள் பேத்தி இரண்டு தாள்களையும் மடித்து அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

"நான் போகேல்ல."

மகள் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. என்னிடம் குசினியில் வந்து சொன்னாள்: "ஒன்பதாம் மாடியில அவ தன்ர தம்பியைத் தேடிக்கொண்டு இருக்கிறா. நாங்கள் மலையேறப் பை கட்டிக்கொண்டு அவவுக்கு முன்னால லிப்ட்டில எப்பிடி அம்மா நிக்கிறது?"

ஒன்பதாம் மாடிக்காரி என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னை அக்கா என்பாள். ஊரில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவள், இங்கிலிஷ் நன்றாகத் தெரியும். அவளுடைய ஒரே தம்பி சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தான். மாசியில் ஒருதரம் போனில் பேசினான். பிறகு இல்லை. அவள் கந்தோர் கந்தோராக, நாடு நாடாகப் போன் அடித்துக்கொண்டிருந்தாள்; ஒருவரும் திருப்பி எடுக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

நான் அவளிடம் இறங்கிப் போனேன். கதவைத் திறந்தாள். திரைச்சீலை மூடி, பகலில் இருட்டு. கையில் போன். வழியில் லிப்ட்டுக்குள்ளேயே நான் ஒரு பொய் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"பேத்திக்கு ஒரு சோதினை இருக்கு, தங்கச்சி. மேற்கால போய் எழுதோணும். கட்டாயமாம்."

"என்ன சோதினை அக்கா?"

"அது... உயரமான சோதினை."

"உங்கட மகள் எல்லாத்தையும் போனில சொல்லிப்போட்டாள். அக்கா, பொய் சொல்லுறதெண்டா நம்புறமாதிரிச் சொல்லப் பழகுங்கோ."

பொய் பிடிபட்டுவிட்டது. அது என் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"போகட்டும்," என்றாள் அவள். "இஞ்சை இருந்து என்ன செய்யப்போறாள்? என்னோட சேர்ந்து போனைப் பாக்கவோ?"

மலை அலுமாரியிலிருந்து இறங்கியது.

பிளேன் டிக்கெட்டை ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் போட்டார்கள். வீட்டிலிருந்து மூன்று மணிக்கு வெளிக்கிட வேண்டும். செவ்வாயே போதாதா? மூன்று மணிக்கு ராகுகாலமும் தொடங்குகிறது. டிக்கெட்டை மாற்றச் சொன்னால் சிரிப்பார்கள். அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி உண்டு. பயணம் போகிறவரின் பொருள் ஒன்றை முன்கூட்டியே நல்ல நேரத்தில் எடுத்துப்போய் இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு போகிறபோது அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். கெட்ட நேரம் ஏமாந்து நிற்கும்.

திங்கட்கிழமை காலை, பேத்தி குளித்துக்கொண்டிருந்தபோது, பையின் மேல் அறையைத் திறந்தேன். இரண்டாவது தாள் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து இருந்தது. உடுப்பை அனுப்புவதைவிடப் பாதையையே அனுப்பினால் இன்னும் நல்லது அல்லவா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு லிப்ட் ஏறினேன்.

"இது என்னக்கா?"

"பிள்ளை வெளிக்கிட்டிட்டாள்."

ஒன்பதாம் மாடிக்காரி இரண்டு கையாலும் வாங்கிச் சாமிப்படத்தடியில் வைத்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு நான் பருத்தித்துறை வடையும் கருவாட்டுப் பொரியலும் கட்டிக்கொண்டு நிற்க, பேத்தி வேண்டாம் என்றாள்.

"அம்மம்மா, மணத்துக்குக் கரடி வரும்."

"வரட்டுமன். அதுவும் எத்தினை நாளைக்கு அந்த உப்பில்லாத மீனையே தின்னுறது?"

"கரடிக்கு முதல் மாமி, பிளேன்காரனே இறக்கிவிட்டிடுவான்," என்றார் மருமகன்.

இந்தச் சண்டையோடு லிப்ட்டுக்குள் ஏறினோம். அது நிறைய ஆட்கள். ஒன்பதாம் மாடியில் நிற்காமல் இறங்கியது. கீழே கார் நின்றது. வடையை அவளுடைய ஜக்கெட் பைக்குள் திணிப்பதில் நான் கெட்டிக்காரத்தனம் காட்டிக்கொண்டிருந்தேன். கார் போய்விட்டது. நானும் மேலே வந்து, கால் நீட்டிப் படுத்து, நன்றாக நித்திரை கொண்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம் போன் அடித்தது. மகள் வேலையில்.

"அம்மம்மா, ரெண்டாவது மப், அதான் அந்தத் தாள், உங்கட கண்ணில பட்டதோ?"

சாமிப்படத்தடியில் வைத்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"எந்த மப்?" என்றேன். பழக்கதோஷம்.

"அம்மம்மா."

சொல்லிவிட்டேன். ராகுகாலம், செவ்வாய், சாமிப்படம், எல்லாவற்றையும். அவள் மெல்லிய குரலில், "நைன்த் புளோரிலயா? சீரியஸ்லி?" என்றாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. மலையடிவாரத்துக் கடையில் அதே தாள் புதிதாக வாங்கிவிட்டாளாம். ஆனால் அதில் அவளுடைய கோடு இல்லை, நேரம் இல்லை, ஒன்றுமில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும். மற்ற இருவரும் அவளை நம்பி வந்திருக்கிறார்கள்.

"போனை வை. பத்து நிமிஷத்தில திருப்பி எடு," என்றேன்.

எனக்கு எறும்பு எழுத்து வாசிக்க வராது. ஒன்பதாம் மாடிக்காரிக்கு வரும். அவள் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். சாமிப்படத்தடியிலிருந்த தாளை எடுத்தாள். தன் போனையும் எடுத்தாள். என்னோடு லிப்ட்டில் ஏறினாள். அவள் அந்த வீட்டு வாசலைத் தாண்டி இரண்டு மாதம்.

தாளை மேசையில் விரித்தோம். அவள் தன் போனை அதன் மூலையில், கல் வைப்பதுபோல வைத்தாள். எங்கள் போன் அடித்தது. சத்தமாகப் பேசுகிற பொத்தானை அமத்தினேன்.

"கத்தரிக்காய்க் குளம் தெரியுதோ பிள்ளை?"

"ஓம் அம்மம்மா. காம்பு மேல் பக்கமா இருக்கு."

"காம்புப் பக்கம் போகாதை. அடிப்பக்கமா வா. மாமியார் மூக்கு வலது கைப்பக்கம் நிக்கோணும்."

"இதில எழுதியிருக்கு," என்று குனிந்தாள் ஒன்பதாம் மாடிக்காரி. "ஆத்தை மத்தியானத்துக்கு முதல் கடக்கோணும். பேந்து பனி உருகித் தண்ணி ஏறும். விளங்குதே?"

"விளங்குது. ஆரது, அன்ரியா? அன்ரி, நீங்களா?"

"நான்தான். கெதியா எழுது."

ஒன்றரை மணித்தியாலம் போனது. இடையில் அவள் நிமிர்ந்து கேட்டாள்: "அக்கா, இது ஆரின்ர மாமியாற்ற மூக்கு?"

"என்ர மாமியாற்ற. படத்தில சின்னனா விழுந்திட்டுது."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தன் போனைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்து வாசித்தாள். கணவாய்க்கு வந்தபோது நான் இழுத்து இழுத்துச் சொன்னேன், ஏனென்றால் அது என் வழி.

"செவ்வாய்க்கிழமை, ரொறன்ரோ நேரம் பின்னேரம் ஆறு," என்றாள் பேத்தி கடைசியில். "அதுக்குள்ள நான் எடுக்காட்டி, குசினிப் பிறிஜ்ஜில ஒட்டியிருக்கிற மலைக்காவல்காரரின்ர நம்பருக்கு அடிக்கோணும். நாங்கள் எந்தப் பாதையால வாறம் எண்டு சொல்லோணும். ஏழு மணி வரைக்கும் பாப்பம் எண்டு இருக்கக்கூடாது. ஆறு எண்டா ஆறு."

அந்த நாலைந்து நாளும் நான் ஸ்காபரோவில் இருந்ததாக ஞாபகம் இல்லை. வெங்காயம் உரிக்கும்போது முதல் ஆற்றைக் கடந்தேன். கோயிலில் தேவாரம் படிக்கும்போது மாமியார் மூக்கடியில் கூடாரம் அடித்தேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடங்கள் கொஞ்ச நேரம் பாறையாகவே நின்றன. வெயில் ஏறத்தான் அவற்றில் பல்கனியும் துணிக் கொடியும் முளைத்தன.

செவ்வாய்க்கிழமை ஆறு மணி வந்தது. போன் வரவில்லை.

மகளும் வீட்டில் நின்றாள். அவளிடம் தாள் விஷயத்தை நான் அப்போதுதான் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. "கொஞ்சம் பாப்பம் அம்மா. ஹெலிகொப்டர் எல்லாம் வந்து, பிள்ளையின்ர இடம் போயிடும்," என்றாள். எனக்கும் அதே ஆசைதான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். என்னைப்போல் நேரத்தை ஏமாற்றத் தெரிந்தவள் யார்?

ஒன்பதாம் மாடிக்காரி ஆறு மணிக்கே மேலே வந்திருந்தாள். நேரே போய்ப் பிறிஜ்ஜில் ஒட்டியிருந்த கடதாசியை உரித்தாள்.

"ஆறு எண்டா ஆறு," என்று நம்பரை அடித்தாள்.

கந்தோர்க் குரலில் இங்கிலிஷ் பேசினாள். மூன்று பேர், எத்தனை வயது, எந்த ஏரி, எந்தக் கணவாய் என்று தாளைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கணவாய்க்கு ஆள் அனுப்பினமாம். அரை மணித்தியாலத்தில திருப்பி எடுக்கினமாம்." கதிரையில் உட்கார்ந்தாள். "அரை மணித்தியாலத்தில," என்று திரும்பவும் சொன்னாள்.

இருபத்தைந்தாவது நிமிஷம் எடுத்தார்கள். எடுத்தது அவர்கள் அல்ல, பேத்தி. றோட்டடியில், மலைக்காவல்காரரின் போனில்.

"நாங்கள் மூண்டு பேரும் ஓகே. நடந்தே வெளியில வந்திட்டம். பிந்திப்போச்சு, சொறி. அவை எங்களைக் கணவாயில தேடப் போனவை. நாங்கள் அதால வரேல்ல."

மகள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ முதலில் வந்தது கோபம். சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"ஏன் வரேல்ல? என்ர வழிக்கு என்ன குறை?"

"மேல ஏறிப் பாத்தன் அம்மம்மா. அங்கால இறக்கம் முழுக்கக் கண்ணாடிமாதிரி ஐஸ். கால் வைக்க ஏலாது. அவை ரெண்டு பேரும் போவம் எண்டுதான் நிண்டவை. நான்தான் திருப்பி, அக்கா தங்கச்சியளைச் சுத்திக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"நான் கோடு பாத்துச் சொன்னனான்."

"கோடு சரி. கோட்டில ஐஸ் கீறேல்ல."

பயிற்சிக்காரர்கள் பிறகு இடம் கொடுத்தார்கள். ஏறியதற்கு அல்ல, திரும்பியதற்காம். அவள் இப்போது மேற்கேதான் வேலை செய்கிறாள். அதெல்லாம் பின்னால் வந்தது. அன்று அவள் சொன்னது: "மப் அங்க இருக்கோ? நான் உண்மையா வந்த பாதையைச் சொல்லுறன். கீறுங்கோ. இப்ப கீறாட்டி மறந்திடும்."

பென்சிலை எடுத்தேன். அவசரத்தில் கீறினேன். கோடு தண்ணீருக்குள் இறங்கியது. மகள் நிலத்திலிருந்து எழும்பி வந்து, பென்சிலைப் பிடுங்கினாள். மூன்று மாதம் சோறு பரிமாற வழி தேடி அந்தத் தாளை ஒதுக்கி ஒதுக்கி வைத்தவள், முதல்முறை அதைக் குனிந்து பார்த்தாள்.

"இதில எது மலை, எது பள்ளம்?"

"சேலைக் கொசுவம் மாதிரிப் பார்," என்றேன்.

ஒன்பதாம் மாடிக்காரி தன் போனை எடுத்து நெஞ்சோடு பிடித்தாள்.

"நான் கீழ போறன் அக்கா. இதுக்குச் சார்ஜ் போடோணும்."

கதவு வரை போனேன். லிப்ட் வந்து அவளை ஏற்றிக்கொண்டு இறங்கியது. உள்ளே மகள், "அக்காக் குளத்தைத் தாண்டியாச்சு. இனி எந்தப் பக்கம்? கெதியாச் சொல்லு," என்று போனுக்குள் கத்திக்கொண்டிருந்தாள்.